திருப்பி மாட்டிய வெள்ளிக் கை

அத்தியாயம் ஏழு

மலைப்பாதையில் மூஞ்சிக்கல் தாண்டியதும் மூடுபனி வந்து ஜீப் கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது. வைப்பரைப் போட்டேன். அது ஒரு பக்கம் போய்விட்டு, திரும்பி வருவதா வேண்டாமா என்று யோசித்தது.

“ஏலே சவரி, வெரசாப் போலே. மத்தியானம் விசாரணை. அந்தப் புள்ளைக்கு வேலை போகப் போகுது. நீ என்னடான்னா சாமி தேரை இழுக்குற மாதிரி உருட்டுற.”

“ரோடு தெரியலக்கா.”

“உனக்கு என்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு?”

பக்கத்து சீட்டில் இருந்தது சுந்தரி அக்கா. முழுப்பெயர் சண்முகசுந்தரி. பழநி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக் குடும்பம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் கண்டுபிடிக்கிற வேலையிலேயே தலை நரைத்து, ரிட்டயர் ஆன கையோடு தம்பி கடை மாடியில் ‘சண்முகா துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டியவர். கைப்பையில் எப்போதும் ஒரு பஞ்சாமிர்த டியூப் இருக்கும். மூளை ஓடவில்லை என்றால் ஒரு சொட்டு பிதுக்கி நாக்கில் வைப்பார். அன்றைக்குக் காலையிலேயே டியூப் பாதி காலி. கேஸ் அந்த லட்சணத்தில் இருந்தது.

நான் சவரிராஜ். டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருகிறவன். வெளியூர் பார்ட்டி வந்தால் மட்டும் ‘அசோசியேட்’.

கேஸ் இதுதான். கவுஞ்சி கிராமத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். கார்த்திகை மழையில் அது படுத்துவிட்டது. நல்ல வேளை, மழைக்கு லீவு விட்டிருந்தார்கள். உடைந்த சுவருக்குள் பார்த்தால் மண்ணும் உருண்டைக் கல்லும்தான். சிமெண்ட் வெளியே பூசின பூச்சில் மட்டும் இருந்தது.

காண்டிராக்டர் சேனாதிபதி கூசாமல் சொல்லிவிட்டார். “மூட்டையெல்லாம் நான் இறக்கிட்டேன். ஓவர்சியரம்மா சுகன்யாதான் ஜீப்புல ஏத்தி வித்துட்டாங்க.” அதை ஆமாம் என்று வாக்குமூலம் கொடுக்க நாலு பேர். பெரிய இன்ஜினியர் சிவமுருகனில் ஆரம்பித்து, கீழே சைட் வாட்ச்மேன் வரைக்கும். சுகன்யா பக்கம் பேச ஒரு ஆள் இல்லை. இன்றைக்கு மத்தியானம் விசாரணை முடிந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலையும் போகும், திருடி என்கிற பட்டமும் கிடைக்கும்.

“உங்கம்மா சொன்னதை இன்னொரு வாட்டி சொல்லு” என்றார் அக்கா.

“போன ஞாயிறு பூசையில ஃபாதர் கருத்து வாசிச்சாரு. அதாங்க்கா, இன்னாருக்காக இந்தப் பூசைன்னு ஆரம்பத்துல வாசிப்பாங்களே. ‘சுகன்யா என்னும் சகோதரிக்கு அநியாயமாக வந்த பழி நீங்க’ன்னு வாசிச்சிருக்காரு. எங்கம்மா அதுக்கப்புறம் பூசையே பாக்கல. யாரு சுகன்யா, யாரு சுகன்யான்னு திரும்பித் திரும்பிப் பாத்து கழுத்து பிடிச்சுக்கிச்சு.”

“உங்க கோயில் பங்குல சுகன்யா உண்டா?”

“ஆரோக்கியமேரி இருக்கு, சகாயமேரி இருக்கு. சுகன்யா கெடையாது.”

“அப்ப நம்ம சுகன்யாதான். ‘அநியாயமா’ன்னு ஒருத்தன் சொல்றான்னா அது அநியாயம்னு அவனுக்குத் தெரியும்லே. ஊரே திருடின்னு பேசுறப்ப, அவ திருடலன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தன் உங்க கோயிலுக்கு வந்துட்டுப் போறான்.”

எங்கள் மாதா கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

கோயிலைத் திறப்பது, கூட்டுவது, பூட்டுவது, பூசைக்குப் பிந்தி வருகிறவர்களை முறைப்பது எல்லாம் அமலோற்பவம் அம்மாள்தான். என்னைப் பார்த்ததும் முறைத்தார்.

“அதிசயமா இருக்கு. கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்கே, அதுக்குள்ள வந்துட்ட?”

“சோலியா வந்தேன்மா.”

“கோயிலுக்கு வேற எதுக்கு வருவ?”

அக்கா குறுக்கே புகுந்து, பழநியில் இருந்து வருவதாகச் சொல்லி ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தை நீட்டினார். அமலோற்பவம் அம்மாள் முகம் இளகியது. அந்தக் கருத்துச் சீட்டு எப்படி வந்தது என்று கேட்டதும், மாதா சிலை இருக்கிற குகை மாதிரியான கெபிக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

கெபிக் கம்பியில் நேர்ச்சைத் தகடுகள் வரிசையாகத் தொங்கின. கண் வலித்தவர்கள் கண், கால் உடைந்தவர்கள் கால், வீடு கேட்டவர்கள் வீடு என்று எல்லாம் வெள்ளித் தகட்டில். அக்கா உரிமையோடு பார்த்தார். எங்கள் மாதா முன்னாலும் அவர்கள் மாரியாத்தா முன்னாலும் தொங்குவது ஒரே தகடுதான்.

“இந்தா, இந்தக் கைதான்” என்று அமலோற்பவம் அம்மாள் ஒரு வெள்ளிக் கையைக் கழற்றினார். “என் உசிரை வாங்குது தாயி. யாரோ கொண்டாந்து மாட்டியிருக்காங்க. மாட்டத் தெரியுதா? பின்பக்கம் முன்னால, முன்பக்கம் பின்னால. நான் ஒழுங்காத் திருப்பி மாட்டுவேன். அடுத்த பூசையில பாத்தா மறுபடி திரும்பிக் கெடக்கும். நான் திருப்ப, அது திரும்ப, இதே சோலியாப் போச்சு. அந்தச் சீட்டு முதத் தடவை இதோட குழிக்குள்ளதான் மடிச்சு இருந்துச்சு. நாந்தான் ஃபாதர்கிட்ட கொடுத்தேன்.”

“சீட்டுல கையெழுத்து எப்படிம்மா இருந்துச்சு?”

“குண்டு குண்டா, அழகா. பள்ளிக்கூடத்துப் புள்ள எழுதுன மாதிரி.”

“எழுதுனது யாருன்னு தெரியக்கூடாதுன்னு புள்ளைய விட்டு எழுத வச்சிருக்கான். படிச்ச மூளைக்கா” என்றேன்.

அக்கா வெள்ளிக் கையின் கட்டை விரல் பக்கம் குனிந்து பார்த்தார். “இது என்னம்மா, கட்டை விரல்ல மட்டும் கறை?”

“மெழுகுத்திரிக் கரி. தேய்க்கத் தேய்க்க வருது. விபூதி போட்டுத்தான் தேய்ச்சேன்.”

“மாதா கோயில்ல விபூதியா?” என்று நான் வாயைப் பிளந்தேன்.

“வெள்ளிக்கு விபூதி மாதிரி எதுலே பளிச்சுங்கும்? மாதாவே ஒண்ணும் சொல்லல. நீ வந்துட்ட.”

“கரின்னா கறுப்பால்ல இருக்கணும்? இது கத்திரிப்பூக் கலருல இருக்கே” என்றார் அக்கா.

“இப்ப திருவருகைக் காலம்க்கா” என்று என் ஞானத்தைக் காட்டினேன். “கிறிஸ்மஸுக்கு முந்தி மனம் திரும்புற காலம். ஊதா மெழுகுத்திரிதான் ஏத்துவோம். அது சொட்டியிருக்கும்.”

அக்கா ஒரு சொட்டு பஞ்சாமிர்தம் நாக்கில் வைத்தார். “இந்தக் கை வர்றதுக்கு முந்தி இங்க ஏதாச்சும் நடந்துச்சாம்மா?”

“என்ன நடக்கும்? பிரசங்கந்தான் நடந்துச்சு. ஃபாதரு அன்னைக்கு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. பொதுச் சொத்துல தப்பு பண்றவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்களாம். பத்துப் பேரு சேந்து பண்ணுனோம், எனக்குப் பத்துல ஒரு பங்கு பாவந்தான்னு. ஆண்டவரு பாவத்தைக் கூறு போட்டுக் குடுக்க மாட்டாரு, ஆளாளுக்கு முழுசாத்தான்னு சொன்னாரு. முன்வரிசையில பாதிப் பேருக்கு இருமல் வந்துருச்சு.”

நான் ஃபாதரைத் தேடிப் போனேன். தோட்டத்தில் முட்டைக்கோசுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், அந்த வெள்ளிக் கை யாரு மாட்டினது?”

“பாவசங்கீர்த்தனத்துல ஒருத்தர் வந்து அறிக்கையிட்ட பாவத்தை ஃபாதருங்க வெளிய சொல்லக்கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல, சவரி?”

“அப்ப பாவசங்கீர்த்தனத்துல வந்துச்சா?”

“வந்துச்சு, வரலன்னுகூடச் சொல்லக்கூடாது.”

“சொல்ல வேணாம் ஃபாதர். நான் ஒவ்வொரு பேராச் சொல்றேன். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க.”

ஃபாதர் பூவாளியைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். “இப்பச் சொல்லு” என்றார். நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

கெபியில் அக்கா ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார். வெள்ளிக் கையை மடியில் வைத்து, அதன் மேல் தன் வலது கையைக் கவிழ்த்து வைத்தார். கட்டை விரல் மேல் கட்டை விரல், நகத்தின் மேல் நகம். கச்சிதம். பிறகு தகட்டைத் திருப்பினார். மெல்லிய தகடு என்பதால் நகமெல்லாம் பின்பக்கமும் குழியாகத் தெரிந்தது. இப்போது வலது கை பொருந்தவில்லை. கட்டை விரல் மாறிப் போனது. அக்கா இடது கையைக் கவிழ்த்து வைத்தார். பொருந்தியது.

“கடையில இடது கை கெடைக்குமாம்மா?”

“ஒரே அச்சுதான் தாயி. எல்லாம் வலது கைதான்.”

“அதான் திருப்பி மாட்டுறான்” என்றார் அக்கா. கண் மின்னியது. “மாட்டத் தெரியாம இல்ல. அவனுக்கு வேண்டியது இடது கை. ஏலே சவரி, உங்க ஆண்டவர் கையைப் பத்தி என்னமோ சொல்லியிருக்காருல்ல?”

“கை தப்பு பண்ண வச்சா வெட்டிப் போட்டுரு, ரெண்டு கையோட நரகத்துக்குப் போறதுக்கு ஒத்தக் கையோட தப்பிச்சுப் போன்னு சொல்லியிருக்காரு.”

“எல்லாரும் கையைக் குணமாக்குன்னு தகடு போடுறாங்க. இவன் இந்தக் கை வேணாம், நீயே எடுத்துக்கோன்னு போட்டிருக்கான். இடது கை. கேஸ்ல இடது கையால எழுதுறது யாரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சிவமுருகன் சார்! இன்ஜினியர்! நொட்டாங்கைக்காரருக்கா!”

“அம்மா, இந்தக் கையைக் கொஞ்சம் கடன் கொடுங்க.”

“ஞாயித்துக்கிழமை பூசைக்குள்ள வந்துரணும்” என்றார் அமலோற்பவம் அம்மாள். “நேரா மாட்டுற ஆள்கிட்டக் குடுத்து அனுப்புங்க.”

விசாரணை நடக்கிற அலுவலகத்திலேயே சிவமுருகன் அறையும் இருந்தது. மங்க்கி கேப்புக்குள் இருந்து முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா வாசலிலேயே நின்று, “சார், பிடிங்க!” என்று டியூப்பை வீசினார். அவர் லபக்கென்று பிடித்தார். இடது கை. எனக்கு அங்கேயே ஒரு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அக்கா வெள்ளிக் கையை மேசை மேல் திருப்பி வைத்தார். அவர் முகத்தையே கூர்ந்து பார்த்தார். நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

சிவமுருகன் எடுத்துப் பார்த்தார். விரலால் சுண்டினார். “நல்ல வெள்ளியா? எத்தனை கிராம் இருக்கும்?”

“தெரியல சார். இதைப் பாத்தா உங்களுக்கு எதுவும் தோணலையா?”

“வெள்ளி விலை ஏறுதுன்னு தோணுது.”

“சுவர் விழுந்துச்சே சார். மனசு உறுத்தலையா?”

“மேடம், நீங்களும் ஆபீஸ்ல இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஃபைல்ல கீழே இருந்து பத்துப் பேரு கையெழுத்துப் போடுறான். நானும் போடுறேன். பழி வந்தா ஆளுக்குப் பத்துல ஒரு பங்கு. அதுக்கெல்லாம் உறுத்திக்கிட்டு இருந்தா பொழப்பு நடக்குமா? நான் படுத்தா வெள்ளனே காபி வந்தாத்தான் முழிப்பேன்.”

அமலோற்பவம் அம்மாள் சொன்ன அதே பத்தில் ஒரு பங்கு. அந்தப் பிரசங்கத்தை யாரோ இவருக்குத் தலைகீழாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டியூப்பை வாங்கிக்கொண்டு நானும் அக்காவும் வெளியே வந்தோம்.

“இந்த ஆள் இல்லலே” என்றார் அக்கா. “உறுத்துறவன் கையோட எடையைக் கேக்க மாட்டான்.”

“வேற நொட்டாங்கைக்காரன் யாருமே இல்லையேக்கா!”

அக்கா டியூப்பைப் பிதுக்கினார். காற்றுதான் வந்தது. வராந்தா பெஞ்சில் சுகன்யா தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொடாத டீ ஆறிப் போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள். “பரவாயில்லக்கா. நீங்க இவ்வளவு அலைஞ்சதே போதும்” என்றாள். ஜோக் அடிக்க வாய் வரவில்லை. எனக்கு அது வராமல் போவது அபூர்வம்.

அப்போதுதான் பென்ஷன் டேபிளில் கிளார்க் கத்தினார். “பெரியவரே, எத்தனை வாட்டி சொல்றது? அந்தக் கை இல்ல. இடது கை! இடது கை கட்டை விரல்!”

ஒரு பெரியவர் வலது கையை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். கிளார்க் அவர் கட்டை விரலைப் பிடித்து ஸ்டாம்ப் பேடில் உருட்டி, காகிதத்தில் ஒற்றினார். பெரியவர் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போனார். ஊதா மை நரைமுடியில் கோடு போட்டிருந்தது.

அக்கா அப்படியே நின்றார்.

“சவரி. விரலைக் கொண்டா.”

“எதுக்குக்கா?”

“கொண்டாலே!”

என் இடது கட்டை விரலைப் பிடித்து அந்த ஸ்டாம்ப் பேடில் அமுக்கினார். கிளார்க் “ஏய், ஏய்” என்றார். பிறகு என் விரலை வெள்ளிக் கையின் கட்டை விரலில் வைத்து எடுத்தார். பழைய கறையும் புதுக் கறையும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஊதா.

“மெழுகுத்திரியும் இல்ல, கரியும் இல்ல” என்றார் அக்கா. “நாம படிச்ச திமிர்ல கையெழுத்தைத் தேடிக்கிட்டு அலைஞ்சோம். இவனுக்குக் கையெழுத்தே கெடையாது. சீட்டைப் புள்ளைய விட்டு எழுதுனது ஒளிஞ்சுக்க இல்லலே, எழுதத் தெரியாது! நாலு வாக்குமூலத்துல மூணுலதான் கையெழுத்து. நாலாவதுல?”

“ரேகை!” என்றேன். “சைட் வாட்ச்மேன்! சந்தியாகு!”

சந்தியாகு அண்ணனை எனக்குத் தெரியும். கோயிலில் கடைசி வரிசையில், மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு நிற்பார். பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் போகும்போது இப்போதெல்லாம் அவர் மட்டும் போவதில்லை என்று அம்மா சொன்ன ஞாபகம். மனசில் பாவம் உறுத்தினால் அதை வாங்கமாட்டார்கள்; வயிறு சரியில்லை போல என்று நான் நினைத்திருந்தேன்.

“வண்டியை எடுக்கவாக்கா? கவுஞ்சிக்கு விட்டா மத்தியானத்துக்குள்ள...”

“வேணாம்” என்று வாசலைக் காட்டினார்.

சேனாதிபதியின் வெள்ளைக் கார் வந்து நின்றது. முன்கதவில் இருந்து சேனாதிபதி இறங்கினார், வேட்டி மடிப்புக் கலையாமல். பின்கதவில் இருந்து மஃப்ளரோடு இறங்கியது சந்தியாகு. அவர் கையை சேனாதிபதி பிடித்திருந்தார், திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. இன்னொரு ரேகை வைக்கத்தான் கூட்டி வந்திருந்தார்.

விசாரணை அதிகாரி லாவண்யா மேடம். வயது குறைவு, கண்டிப்பு அதிகம். சுகன்யாவுக்கு உதவியாக ஒரு ஆள் உட்காரலாம் என்று விதி இருந்ததால் அக்கா உள்ளே உட்கார்ந்தார். எனக்கு விதி எதுவும் இல்லாததால் டீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் ஓரமாக நின்றுகொண்டேன்.

“சந்தியாகு, முன்னாடி நீங்க சொன்னதை வாசிச்சாச்சு” என்றார் லாவண்யா மேடம். “ஓவர்சியர் ஜீப்புல சிமெண்ட் மூட்டை ஏத்தினதைக் கண்ணால பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க. அது சரிதான்னு இதுல ரேகை வைங்க.”

ஸ்டாம்ப் பேடை நகர்த்தினார்கள். சந்தியாகு இடது கையைத் தூக்கினார். விரலை மைக்கு மேலேயே நிறுத்தினார்.

“மேடம், ஒரே ஒரு கேள்வி கேக்கலாமா?” என்று அக்கா எழுந்தார்.

“ஒண்ணுதான்.”

அக்கா கைப்பையைத் திறந்து வெள்ளிக் கையை எடுத்தார். ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் வைத்தார். திருப்பி. கட்டை விரலில் ஊதா மையோடு.

“அண்ணே, இது யாரு கை?”

சேனாதிபதி மட்டும், “இது என்ன சில்லறை விளையாட்டு?” என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. சந்தியாகு மஃப்ளரைத் தலையில் இருந்து உருவினார். கோயிலில்கூட அவர் அதை உருவி நான் பார்த்ததில்லை.

“எங் கைதான் தாயி” என்றார்.

பிறகு நிறுத்தவே இல்லை. “ஓவர்சியரம்மா ஒரு மூட்டை எடுக்கல. நாந்தான் ஏத்துனேன், நம்ம காண்டிராக்டர் ஐயா லாரியில. ஐயா புதுசாக் கட்டுற கெஸ்ட் அவுஸுக்குப் போச்சு. தரை போட்டாங்க, மாடிப்படி போட்டாங்க. போயிப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கும். பள்ளிக்கூடத்துச் சுவருதான் நிக்கல. எம் மக அந்தப் பள்ளிக்கூடத்துல ஒம்பதாவது படிக்குதும்மா. அன்னிக்கு மட்டும் லீவு விடாம இருந்தா...” மஃப்ளரில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது தெரிஞ்சும் ரேகை வச்சேன். வேலையை விட்டுத் தூக்கிருவேன்னாரு. பயந்துட்டேன். மாதாகிட்ட கையைக் குடுத்தா சரியாப் போயிரும்னு நெனச்சேன். கடையில வலது கைதான் இருந்துச்சு. திருப்பி மாட்டினேன். மக ஸ்கெட்ச் பேனாவை எடுத்து விரல்ல மை வச்சேன், மாதாவுக்கு எந்த விரலுன்னு தெரியணும்ல. யாரோ துடைச்சுத் துடைச்சு நேரா மாட்டிக்கிட்டே இருந்தாங்க. மாதா வாங்க மாட்டேங்குது போலன்னு நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே போச்சு.”

மாதா இல்லண்ணே, அமலோற்பவம் அம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அக்கா முறைத்தார்.

சேனாதிபதி எழுந்துவிட்டார். “யோவ், பாவம் பண்ணினா கோயில்ல போயி ஃபாதர்கிட்டச் சொல்லுய்யா. இங்க எதுக்குச் சொல்ற?”

“அங்க சொல்லிட்டேன்யா” என்றார் சந்தியாகு, மெதுவாக. “மன்னிப்பும் ஆச்சு. ஆனா இந்தப் புள்ளைக்கு வேலை போறது இங்கதான?”

சேனாதிபதி உட்கார்ந்தார். அவருடைய வேட்டி மடிப்பு முதல் தடவையாகக் கலைந்தது.

லாவண்யா மேடம் பழைய காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார். கெஸ்ட் அவுஸுக்கு ஆள் அனுப்பச் சொல்லிப் போனில் பேசினார். பிறகு சந்தியாகுவைப் பார்த்தார். “முன்னாடி பொய் சொன்னதுக்கு உங்க மேலயும் நடவடிக்கை வரும். தெரியுமா?”

“தெரியும்மா.”

“வாட்ச்மேன் வேலை போகும்.”

“போகட்டும்மா.”

புது வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். ஸ்டாம்ப் பேடு வந்தது. சந்தியாகு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அம்மா, ஒரு தடவை மட்டும் வலது கையை வைக்கவா? இந்தக் கை பொய்யி சொன்ன கை. அது சுத்தமா இருக்கு.”

லாவண்யா மேடம் விதி எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி காகிதத்தைப் புரட்டினார்.

“இடதையே வைங்கண்ணே” என்றார் அக்கா. “பொய் சொன்ன கைதான் வந்து மாத்திச் சொல்லணும். வலது கைக்கு இதுல என்ன சோலி?”

சந்தியாகு தலையை ஆட்டினார். இடது கட்டை விரலை மையில் உருட்டி, காகிதத்தில் வைத்து, நன்றாக அழுத்தினார். அக்கா பக்கத்தில் இருந்த சுகன்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் டீ ஊற்றினேன். சேனாதிபதிக்கும் ஊற்றினேன். அவர் தொடவில்லை. அது அவர் இஷ்டம்.

வெளியே பனி விலகி வெயில் வந்திருந்தது. சுகன்யா சந்தியாகு முன்னால் வந்து நின்றாள். அவர் தலை குனிந்து நின்றார். “சுவரு திரும்பக் கட்டுறப்ப நீங்க வந்து நிக்கணும்ணே” என்றாள் அவள். “வாட்ச்மேனா இல்லாட்டி என்ன? மூட்டையை எண்ணிப் பாக்க ஒரு ஆள் வேணும்.” அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மஃப்ளரைத் தலையில் கட்டினார், அவிழ்த்தார், திரும்பக் கட்டினார்.

அக்கா வெள்ளிக் கையை அவரிடம் கொடுத்தார். “ஞாயித்துக்கிழமை நீங்களே மாட்டிருங்க. எந்தப் பக்கம்னு உங்களுக்குத்தான் தெரியும். அமலோற்பவம் அம்மாகிட்ட நான் சொல்லிர்றேன், இனிமே திருப்ப மாட்டாங்க.”

அவர் வாங்கி மடியில் பத்திரமாகச் செருகினார். இடது கட்டை விரலில் ஊதா மை ஈரமாகவே இருந்தது. வேட்டியில் ஒட்டிவிடப் போகிறதே என்று என் கைக்குட்டையை நீட்டினேன்.

“துடைச்சுக்கங்கண்ணே.”

“வேணாம் தம்பி” என்று விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். “சீட்டு எழுதிக் குடுத்த நாள்ல இருந்து எம் மக என்கூட முகம் குடுத்துப் பேசல. வீட்டுக்குப் போறவரைக்கும் இது இருக்கட்டும். அது பாக்கணும்.”

நான் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தேன். அக்கா மூக்கை உறிஞ்சினார். பனி என்று சொல்ல வழியில்லை, வெயில் நன்றாகவே அடித்தது.

“என்னலே பாத்துக்கிட்டு நிக்கிற? அண்ணன் பஸ்ஸுக்கு நின்னா மை காஞ்சு போயிரும். கவுஞ்சிக்கு வண்டியை எடு. இந்தத் தடவையாச்சும் வெரசாப் போ.”

போனேன். விரலைத் தூக்கிப் பிடித்தபடியே சந்தியாகு அண்ணன் வந்தார், வழி நெடுக.